700 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில்: எஞ்சினைத் திறப்பதா, மாற்றுவதா?

#1 பழையசக்கரம்

வணக்கம். இரண்டு மாதமாக மண்டையைக் குடைகிற விஷயம் இது. வண்டி 1.5 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர். ஓடியது 2,38,000 கி.மீ. ஆறு மாதம் முன்புவரை ஆயில் மாற்றும்போது மட்டும்தான் டிப் ஸ்டிக்கைத் தொடுவேன். இப்போது 700 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஊற்றுகிறேன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் வருகிறவருக்கு நீலப் புகை. மூன்றாவது கியரில் ஏறிய மேட்டில் இப்போது இரண்டாவது கேட்கிறது.

இரண்டு மெக்கானிக்கிடம் காட்டினேன். முதலாமவர் ஆயில் மூடியைக் கழற்றி, குபுகுபுவென்று புகை வருவதைப் பார்த்துவிட்டு, "ரிங் போயிடுச்சு, இறக்கி வேலை பார்த்துடலாம்" என்றார். பிஸ்டனைச் சுற்றி ஆயில் மேலே ஏறாமல் தடுக்கிற வளையங்களைத்தான் ரிங் என்கிறார். இரண்டாமவர் அதே புகையைப் பார்த்துவிட்டு, "இதைத் திறந்தா செலவு நிக்காது, வேற எஞ்சின் போட்டுடுங்க" என்றார். ஆளுக்கு ஐந்து நிமிடம்தான் பார்த்தார்கள்.

பாடியில் துரு இல்லை. கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் நன்றாக இருக்கின்றன. இன்னும் ஐந்தாறு வருடம் வைத்துக்கொள்ள ஆசை. என்ன செய்யலாம்?

#2 பதினாறாம்நம்பர்

வேறு எஞ்சின். யோசிக்கவே வேண்டாம். குறைவாக ஓடியதாகப் பார்த்து எடுத்தால் மூன்று நாளில் வண்டி கையில். திறந்து வேலை பார்க்க ஆரம்பித்தால் லேத்துக்குப் போய் வர ஒரு வாரம், பிஸ்டன் வர இன்னொரு வாரம், அப்புறம் "சார், ஹெட்டிலயும் வேலை இருக்கு" என்று ஒரு போன். நான் மாற்றி 60,000 கி.மீ. ஓட்டிவிட்டேன். ஒரு தொல்லை இல்லை.

#3 மஞ்சள்விளக்கு

உங்களுக்கு அதிர்ஷ்டம் அண்ணே. எனக்கும் "குறைவாக ஓடியது" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஓடவிட்டும் காட்டினார்கள், பூனை மாதிரி இருந்தது. போட்டு ஐந்தாவது வாரம் கீழே டொக் டொக் என்று கட்டை தட்டுகிற சத்தம். சம்ப்பை (அடியில் இருக்கிற ஆயில் தொட்டியை) இறக்கிப் பார்த்தால் பேரிங் செம்பு தெரியத் தேய்ந்திருந்தது. வடித்த ஆயில் தேன் மாதிரி கெட்டி. கெட்டி ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கி வைத்திருக்கிறார்கள். இறக்கி ஏற்றும் கூலி எனக்கு இரண்டு தடவை. பழைய எஞ்சினைக் கொடுத்துவிடாமல் மூலையில் போட்டிருந்ததால் தப்பித்தேன், கடைசியில் அதையே திறந்து வேலை பார்த்தோம்.

#4 லேத்காரன்

இருபது வருடமாக பிளாக் (சிலிண்டர்கள் இருக்கிற உடல்), ஹெட் (அதன் மேலே வால்வுகள் இருக்கிற பகுதி), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) இவற்றோடுதான் என் பிழைப்பு. அதனால் "திறந்து பாருங்கள்" என்று சொல்வேன் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். சொல்லமாட்டேன். ஒன்றையுமே அளந்து பார்க்காமல் இரண்டு பேர் இரண்டு தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள். முதலில் அளவு வரட்டும்.

புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு தடவை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் (வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கிற சின்ன உறை), இரவெல்லாம் ஆயில் சொட்டி இறங்கியிருக்கும். நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு இறங்கி, கீழே வந்து மிதிக்கும்போது மட்டும் வந்தாலும் வால்வு சீல், கைடு (வால்வுத் தண்டு ஓடுகிற குழாய்) பக்கம்தான் சந்தேகம். த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக்கில் உறிஞ்சல் அதிகம், அது கைடு வழியாக ஆயிலை இழுக்கும். மிதிக்கிற போதெல்லாம் வந்தால் ரிங். வால்வு சீல் மட்டும்தான் என்றால் பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றிவிடலாம். சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது பிசிவி வால்வு. கிராங்க்கேஸில் சேரும் புகையை இன்டேக்குக்கு அனுப்புகிற சின்ன உருப்படி. அது அடைத்துக்கொண்டாலும், திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் ஆயில் குறையும். இதை மாற்றாமல் எஞ்சினை இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதன்பின் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். எஞ்சின் சூடாக இருக்கட்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, பிளக் துளையில் மீட்டரை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு, மீட்டர் முள் ஏறி நிற்கும்வரை கிராங்க் செய்ய (ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்ற) வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இல்லாவிட்டால் எல்லா எண்ணும் குறைவாக வந்து உங்களைப் பயமுறுத்தும். குறைவாக வந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் அல்லது போர் (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர் துளை), அசையவில்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற தகடு). பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கலாம்.

கடைசியாக, ஆயில் பிரஷரைத் தனி மீட்டர் போட்டு, நன்றாகச் சூடேறிய பிறகு பாருங்கள். டேஷ்போர்டு விளக்கு எரிகிற கட்டத்துக்கு வந்தால் ஏற்கெனவே தாமதம். கீழ்ப்பகுதி, அதாவது கிராங்க்கும் பேரிங்கும் உயிரோடு இருக்கிறதா என்பதைத் திறக்காமல் சொல்லும் எண் இது ஒன்றுதான்.

#5 டீசல்மூக்கு

ஒரு எச்சரிக்கை. "போர் எல்லாம் போட வேண்டாம், ரிங் மட்டும் மாற்றிவிடலாம்" என்று யாராவது மலிவாகச் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு அப்படித்தான் செய்தார்கள். 20,000 கி.மீ.கூட தாண்டவில்லை, புகை திரும்பி வந்துவிட்டது. ரிங், கேஸ்கெட், கூலி எல்லாம் தண்டம்.

#6 லேத்காரன்

டீசல்மூக்கு சொல்வது நடக்கும். ஆனால் ரிங் மட்டும் மாற்றுவது எப்போதுமே தப்பு என்றும் இல்லை. போர் எப்படித் தேய்கிறது என்று தெரிந்தால் புரியும். பிஸ்டன் மேலே போய்த் திரும்புகிற இடத்தில் வெடிப்பின் அழுத்தம் அதிகம், ஆயில் குறைவு. அங்கேதான் தேய்மானம் மிகுதி. மேல் ரிங் எட்டாத இடம் தேயாமல் ஒரு மேடாக நிற்கும், விரலை வைத்தால் தட்டும். கீழே போகப்போக தேய்மானம் குறையும். அதனால் போர் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஆகிவிடும். பிஸ்டன் பக்கவாட்டில் சாய்ந்து தள்ளுவதால் வட்டமும் கெட்டு முட்டை வடிவம் வரும். இந்தப் போரில் புது ரிங்கைப் போட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் அது விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை நாள் தாங்கும்?

மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக போர் கேஜ் வைத்து ஆறு அளவு எடுக்க வேண்டும். தேய்மானம் கையேட்டில் சொன்ன வரம்புக்குள் இருந்தால் ஹோனிங் போட்டு (போரின் உள்பக்கத்தைக் கல்லால் லேசாகத் தேய்த்து) ரிங் மாற்றுவது நல்ல வேலைதான், நெடுநாள் ஓடும். தாண்டிவிட்டால் ஓவர்சைஸ் போர், அதாவது துளையைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய புதுப் பிஸ்டன். உங்களுக்குச் செய்தவர் அளந்தாரா?

#7 டீசல்மூக்கு

கையை விட்டுத் தடவிப் பார்த்து "நல்லா இருக்கு" என்றார்.

#8 பழையசக்கரம்

லேத்காரன் அண்ணன் சொன்னபடி எல்லாம் செய்துவிட்டேன். பிசிவி நிஜமாகவே அடைத்திருந்தது, மாற்றினேன். ஆயில் குடிப்பது 700-லிருந்து 900 கி.மீ.க்கு ஒரு லிட்டர் என்று இறங்கியது. அவ்வளவுதான், புகை போகவில்லை. மிதிக்கும்போதெல்லாம் வருகிறது.

கம்ப்ரஷன் முதல் சிலிண்டர் 12.2 பார், இரண்டாவது 11.8, மூன்றாவது 7.9, நான்காவது 11.6. மூன்றாவதில் ஆயில் விட்டுப் பார்த்தால் 10.4. ஆயில் பிரஷர் சூட்டில் ஐடிலிங்கில் 1.4 பார், 3,000 சுற்றில் 3.6.

நான் பயந்த அளவுக்கு மோசம் இல்லையோ?

#9 லேத்காரன்

கீழ்ப்பகுதி நன்றாக இருக்கிறது. சூட்டில் 3,000 சுற்றுக்கு 2 பாருக்கு மேல் நின்றால் பெரும்பாலான எஞ்சின்களுக்குப் போதும். உங்களுக்கு 3.6. மற்ற மூன்று சிலிண்டருக்கும் இடையே வித்தியாசம் 5 சதவீதம்தான், 10 முதல் 15 வரை பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள்.

மூன்றாவது மட்டும் ஏன் தனியாகச் செத்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வயதாகித் தேய்ந்தால் நான்கும் சேர்ந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒன்று மட்டும் சரிந்தால் அது முதுமை இல்லை, ஏதோ அடிபட்டிருக்கிறது. லீக்-டவுன் டெஸ்ட் ஒன்று செய்துவிடுங்கள். பிஸ்டனை மேல் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்று கொடுத்து எவ்வளவு தப்புகிறது என்று பார்ப்பது. எண்ணைவிடச் சத்தம் முக்கியம். சைலன்சர் குழாயில் உஸ் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட், ஆயில் மூடியில் கேட்டால் பிஸ்டன் பக்கம்.

#10 பதினாறாம்நம்பர்

எவ்வளவு டெஸ்ட் சார்! இந்த நேரத்துக்கு வேறு எஞ்சின் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்கும். வண்டியின் இன்றைய விலையில் பாதியை எஞ்சினில் கொட்டுவதில் என்ன கணக்கு இருக்கிறது?

#11 கணக்குப்பிள்ளை

அந்தக் கணக்கையே கொஞ்சம் பார்ப்போம். வண்டியின் விற்பனை விலையை வைத்து அளப்பது விற்கப் போகிறவருக்குச் சரி. இவர் விற்கவில்லை, ஐந்து வருடம் ஓட்டப் போகிறார். இதே அளவு துருவில்லாத பாடி, இதே கியர்பாக்ஸ், நம்பக்கூடிய எஞ்சினோடு இன்னொரு வண்டி வாங்க என்ன ஆகும் என்பதுதான் எதிரே வைக்க வேண்டிய எண். அதோடு, வாங்குகிற வண்டியின் எஞ்சின் உள்ளே எப்படி இருக்கிறது என்று இவருக்குத் தெரியப்போவதில்லை.

அடுத்து, இரண்டு வழிக்கும் பொதுவான செலவை அடித்துவிடுங்கள். இறக்கி ஏற்றும் கூலி, டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின்பக்க கிராங்க் சீல், எஞ்சின் மவுன்ட், கிளட்ச், கூலன்ட், ஆயில். எஞ்சின் வெளியே இருக்கும்போது இவற்றை மாற்றாமல் விடுகிறவர் ஆறு மாதம் கழித்துத் தன்னையே திட்டிக்கொள்வார். மிச்சம் ஒரு பக்கம் லேத் வேலை, பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் செட், கோக்கும் கூலி. இன்னொரு பக்கம் எஞ்சின் விலை, அதோடு அது சொதப்பினால் மறுபடி இறக்கி ஏற்றும் கூலி. இந்தக் கடைசி எண்ணை யாருமே எழுதுவதில்லை. மஞ்சள்விளக்கு கட்டியது அதைத்தான்.

மூன்றாவது வழியும் உண்டு. சில தயாரிப்பாளர்கள் ஆலையிலேயே பிரித்து, அளவுக்குக் கொண்டுவந்து, வாரன்டியோடு தருகிற புதுப்பித்த எஞ்சின். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு தொகை கழியும். உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் அரை எஞ்சினா, ஹெட்டோடு முழுசா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வார்த்தையில் ஏமாந்தவர்கள் நிறைய.

#12 பழையசக்கரம்

விசாரித்தேன், என் மாடலுக்கு ஆலைப் புதுப்பிப்பு கிடையாது. லீக்-டவுனில் மூன்றாவது 38 சதவீதம், காற்று முழுக்க ஆயில் மூடி வழியாக. மற்றவை 10-க்குள். முடிவு செய்துவிட்டேன், திறக்கிறோம். முதல் மெக்கானிக்கே செய்கிறார், ஆனால் அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் விட்டேன். கொஞ்சம் முறைத்தார், அப்புறம் சரி என்றார்.

#13 பழையசக்கரம்

எட்டு நாள் கழித்து வருகிறேன். மூன்றாவது பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே இருக்கிற சுவர் உடைந்து ஒரு துண்டு பெயர்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் போரில் மேலிருந்து கீழே கீறல், நகம் மாட்டுகிறது. மற்ற மூன்று போரிலும் தேய்மானம் 0.03 முதல் 0.04 மி.மீ. மூன்றாவதில் கீறலை விட்டுப் பார்த்தாலே 0.11. கிராங்க் ஜர்னல் (பேரிங் உட்காருகிற இடங்கள்) எல்லாம் வரம்புக்குள். ஹெட்டில் வளைவு 0.04.

மெக்கானிக் நான்கையும் 0.50 ஓவர்சைஸ் போர் போடலாம் என்கிறார். சரிதானே?

#14 லேத்காரன்

0.25-ல் அந்தக் கீறல் முழுதாகப் போகாது என்று அவர் நினைத்தால் 0.50 சரி. நான்கையும் சேர்த்துப் போடுவதும் சரி, ஒரு பிஸ்டன் மட்டும் வேறு எடையில் இருக்கக் கூடாது. பிஸ்டனை முதலில் வாங்கி லேத்தில் கொடுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்கேற்ப அந்தந்தப் போரைப் போடுவதுதான் முறை. பெட்டியில் எழுதியிருக்கிற எண்ணை நம்பிப் போடுகிறவரிடம் கொடுக்காதீர்கள். ஹெட்டின் அடிப்பரப்பை லேசாக ஃபேஸிங் செய்தால் (செதுக்கிச் சமமாக்கினால்) போதும். அதிகம் செதுக்கினால் கம்ப்ரஷன் ஏறும், கேம் டைமிங்கும் கொஞ்சம் நகரும்.

இப்போது முக்கியமான விஷயம். ரிங்குகளுக்கு நடுவே சுவர் உடைவது பெரும்பாலும் நாக்கிங் செய்கிற வேலை. பெட்ரோல் எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல், மிச்சக் கலவை தானாகவே வெடித்து பிஸ்டனைச் சுத்தியால் அடிக்கிற மாதிரி அடிக்கும். ஒரு சிலிண்டரில் மட்டும் நடந்தது என்றால் அதற்கு மட்டும் பெட்ரோல் குறைவாகப் போயிருக்கலாம். நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி ஃப்ளோ டெஸ்ட் கொடுங்கள். நாக் சென்சரையும் பாருங்கள்.

நீங்கள் வேறு எஞ்சின் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பல இடங்களில் பழைய இன்ஜெக்டர், சென்சர், ரேடியேட்டர் எல்லாவற்றையும் கழற்றி வந்த எஞ்சினில் மாட்டுவார்கள். கொன்றவனை வண்டியிலேயே வைத்துக்கொண்டு புதுச் சிலிண்டரைக் காட்டிக் கொடுத்த மாதிரி. சூடேறிச் செத்த எஞ்சினுக்கு அடைத்த ரேடியேட்டர், பேரிங் போன எஞ்சினுக்கு இரும்புத்தூள் நிறைந்த ஆயில் கூலர், எல்லாம் இதே கதைதான்.

#15 பழையசக்கரம்

மூன்றாவது இன்ஜெக்டர் மற்றவற்றைவிட 22 சதவீதம் குறைவாகத் தெளிக்கிறது. சுத்தம் செய்தும் அந்தக் குறைவு 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. நான்கையும் மாற்றுகிறேன். லேத்காரன் அண்ணா, கும்பிடுகிறேன்.

#16 மஞ்சள்விளக்கு

நடுவே ஒரு கேள்வி. என் இப்போதைய வண்டியில் அலுமினிய பிளாக், லைனரே (சிலிண்டருக்குள் இறக்குகிற இரும்பு உறையே) இல்லை, போரின் மேல் ஏதோ பூச்சு என்கிறார்கள். இதற்கும் போர் போடலாமா?

#17 லேத்காரன்

சாதாரண முறையில் கூடாது. நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு என்றால் அந்தப் பூச்சு மிக மெல்லியது. போர் போட்டால் அது போய் வெறும் அலுமினியம்தான் மிஞ்சும். மறுபடி பூச்சு போட்டு ஹோன் செய்கிற வசதி வேண்டும், அல்லது இரும்பு லைனர் இறக்கத் தெரிந்தவர் வேண்டும். பிளாக்கே சிலிக்கான் கலந்த அலுமினியமாக இருந்தால் அதற்கு ஹோனிங் முறையே வேறு. இந்த மாதிரி எஞ்சினில் போர் கீறிவிட்டால் நான் பதினாறாம்நம்பர் கட்சி. கான்ராட் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற தண்டு) பிளாக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தாலும், பேரிங் சுழன்று பிளாக்கின் இருக்கையையே தின்றிருந்தாலும் அப்படித்தான். பக்கத்தில் அளந்து வேலை செய்கிற லேத் இல்லை என்றாலும்கூட. மோசமாகக் கோத்த எஞ்சினைவிட சுமாரான பழைய எஞ்சின் எவ்வளவோ மேல்.

#18 பதினாறாம்நம்பர்

அப்பாடா, எனக்கும் ஒரு ஓட்டு விழுந்தது. எடுக்கிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். ஓடவிட்டுக் காட்டுவது போதாது, மஞ்சள்விளக்கு பட்டது நினைவிருக்கட்டும். கம்ப்ரஷன் உங்கள் மீட்டரில் நீங்களே பாருங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் தேனாக வடிந்தால் கிளம்பி வந்துவிடுங்கள். ஆயில் மூடிக்குக் கீழே கறுப்புப் பிசின் படிந்திருந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டியது. சம்ப்பைக் கழற்ற விடமாட்டேன் என்றால் அந்த எஞ்சின் வேண்டாம். சில இடங்களில் பிளாக்கில் காசு அளவில் ஒரு வில்லை ஒட்டியிருப்பார்கள், நடுப்பகுதி உருகியிருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியது என்று அர்த்தம். எஞ்சின் கோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு சென்சர், வெவ்வேறு வயரிங் வரும். வண்டிப் பதிவில் எஞ்சின் எண் இருந்தால் அதை மாற்றத் தேவையான ரசீதையும் கையோடு வாங்கிவிடுங்கள், பிறகு தர அவர்களுக்கு ஞாபகம் இருக்காது.

#19 பழையசக்கரம்

லேத்திலிருந்து பிளாக் வந்துவிட்டது. போரில் குறுக்குக் கோடுகள் அழகாகத் தெரிகின்றன. இனி நான் கவனிக்க வேண்டியது?

#20 லேத்காரன்

கழுவுவது. சிரிக்காதீர்கள், நல்ல வேலையெல்லாம் இங்கேதான் கெடும். ஹோனிங் கல்லின் தூள் அந்தக் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால் வராது. வெந்நீரும் சோப்பும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கடைசியில் வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டக் கூடாது. உடனே ஆயில் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் மணிக்கணக்கிலேயே துரு பிடிக்கும்.

ரிங்கை ஒவ்வொன்றாகப் போரில் இறக்கி வாய் இடைவெளி பார்க்கச் சொல்லுங்கள். தோராயமாக போர் விட்டத்தில் 250-ல் ஒரு பங்கு. 73 மி.மீ. போருக்கு 0.29 பக்கம் வரும். குறைவாக இருந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு போரைக் கிழிக்கும். ஹெட் போல்ட் நீண்டு இறுகுகிற வகை என்றால் பழையதைத் திரும்பப் போட வேண்டாம். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பெட்ரோலைத் துண்டித்து, ஆயில் பிரஷர் வரும்வரை கிராங்க் செய்யுங்கள்.

ஓடியதும் ஐடிலிங்கில் மணிக்கணக்காக நிறுத்திப் பொத்திப் பொத்தி வைக்காதீர்கள். ரிங் படிய அழுத்தம் வேண்டும். மிதமாக மிதித்து ஏற்றுங்கள், காலை எடுத்து இறக்குங்கள், ஒரே வேகத்தில் நெடுந்தூரம் வேண்டாம். 500 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள்.

#21 பழையசக்கரம்

1,100 கி.மீ. ஆகிவிட்டது. 500-ல் வடித்த ஆயிலில் லேசான மினுமினுப்பு இருந்தது. அதன்பின் இந்த 600 கி.மீ.யில் டிப் ஸ்டிக்கில் ஒரு நூல் அளவு குறைந்திருக்கிறது. கம்ப்ரஷன் நான்கும் 12.6-க்கும் 12.9-க்கும் நடுவே. அந்த மேட்டில் மூன்றாவது கியர்.

ஆனால் நேற்றிலிருந்து ஒரு பயம். சரியாக 1,800 சுற்றில் கிலுகிலுவென்று தகரச் சத்தம். ஏற்றினாலும் இறக்கினாலும் போய்விடுகிறது. பேரிங்கா? தூக்கமே வரவில்லை.

#22 லேத்காரன்

மெக்கானிக்கிடம் தட்டில் போல்ட் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

#23 பழையசக்கரம்

இரண்டு இருக்கிறதாம். பழசு என்று நினைத்து எடுத்து வைத்தாராம்.

#24 லேத்காரன்

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேலே இருக்கிற தகர மூடியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு.

#25 பழையசக்கரம்

ஆடுகிறது.